செம்பின் மேல் ஒரு மூலக்கூறை நகர்த்துவது எப்படி: எஸ்ரிஎம் கைக்குறிப்பு

எஸ்ரிஎம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வருடல் டனலிங் நுணுக்குக்காட்டி, கூரான ஊசிமுனையை மேற்பரப்புக்கு மிக அருகில் நகர்த்தி, இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்னோட்டத்தால் அணுக்களைப் படமெடுக்கும் கருவி. அதில் மூலக்கூறைப் பிடிப்பதற்கென்று தனியாக ஒரு கருவி கிடையாது. படம் எடுக்கும் ஊசிமுனைதான் இழுக்கும் கையும். படம் எடுக்கும்போது முனை மூலக்கூறைக் குழப்பாத உயரத்தில் போகிறது. நகர்த்தும்போது ஏறக்குறைய 400 பிக்கோமீற்றர் கீழே இறங்குகிறது. அந்த உயரத்தை நேரடியாக அளக்க வழியில்லை. முனைக்கும் மாதிரிக்கும் இடையே கொடுக்கும் பயஸ் வோல்ற்றளவை, இடைவெளியைத் தாண்டும் டனலிங் மின்னோட்டத்தால் வகுத்தால் வரும் தடைதான் உயரத்தைச் சொல்லும். நகர்த்தல் முழுவதையும் இந்தத் தடையை வைத்தே யோசியுங்கள். வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தவர்கள் வேறொரு கருவிக்கு மாறியதும் தடுமாறுவார்கள்.

கணக்கு எளிது. முனை 100 பிக்கோமீற்றர் இறங்கினால் மின்னோட்டம் சுமார் பத்து மடங்காகும். 100 மில்லிவோல்ற்று, 100 பிக்கோஅம்பியர் என்பது வழக்கமான படமெடுக்கும் நிலை. தடை 1 கிகாஓம். 10 மில்லிவோல்ற்று, 50 நனோஅம்பியர் என்றால் 200 கிலோஓம். இரண்டுக்கும் இடையே 5000 மடங்கு. முனையின் கடைசி அணு மேற்பரப்பு அணுவைத் தொடும்போது தடை 12.9 கிலோஓமை நெருங்கும். ஆகவே 200 கிலோஓமில் நிற்கும் முனைக்குத் தொடுகை வரை மிச்சம் 120, 130 பிக்கோமீற்றர்தான். செம்பில் அடுத்தடுத்த இரு அணுக்களின் தூரம் 255 பிக்கோமீற்றர்; அதில் பாதி. அந்த இடுக்கில்தான் வேலை.

கொழும்பில் இருந்தபடி பழகக்கூடியது

தனி மூலக்கூறை விரும்பிய இடத்தில் நிறுத்த, பொதுவாக ஈலியத்தால் 4 அல்லது 5 கெல்வினுக்குக் குளிர்த்திய கருவியும் 2×10⁻¹⁰ மில்லிபாருக்குக் கீழான வெற்றிடமும் வேண்டும். காற்றில் வேலை செய்யும் மேசைக் கருவியால் இது முடியாது. அறை வெப்பநிலையில் சிறிய மூலக்கூறுகள் தாமாகவே அலையும். அத்துடன் கொழும்பின் ஈரப்பதனில் எந்த உலோக முகத்திலும் நீர்ப்படலம் படிந்திருக்கும். ஆனால் பெரிய கருவியில் நேரம் கிடைக்கும் முன் கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் பாதிக்கு மேல் மேசைக் கருவியிலேயே கற்கலாம்: முனை வெட்டுவது, இரைச்சலைக் கண்டுபிடிப்பது, பின்னூட்டை (மின்னோட்டம் மாறாதபடி முனையின் உயரத்தைத் தானே திருத்தும் சுற்றை) சீராக்குவது, அளவுகோடிடல் (தெரிந்த தூரத்தை வைத்துக் கருவியின் அளவைச் சரிசெய்வது).

0.25 மில்லிமீற்றர் பிளாற்றினம்-இரிடியம் கம்பியை அசற்றோனில் துடைத்த கூரான வெட்டுக்குறட்டால் சாய்வாகப் பிடித்து, வெட்டும்போதே இழுத்து அறுங்கள். நேராக வெட்டிய முனை மழுங்கி இரட்டை உருவம் காட்டும். தங்குதன் முனையைக் காற்றில் வைத்துப் பழக வேண்டாம். ஒட்சைட்டுப் படலம் விரைவில் உருவாகிவிடும். மாதிரிக்குக் காரீயம் (கிராபைற்று) போதும். போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயத்தையும் ஒட்டுநாடாவால் உரித்துப் பார்க்கலாம். அளவுகோடிட மட்டும் ஒழுங்குபடுத்திய செயற்கைக் காரீயத்தை எடுங்கள். அதில் அணு அணியின் இடைவெளி 246 பிக்கோமீற்றர், படி உயரம் 335 பிக்கோமீற்றர்.

கருவியைக் கீழ்த்தளத்தில், சுவரோரமாக, கொங்கிறீற்றுத் தரையில் வையுங்கள். காலி வீதிப் பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பஸ் ஓட்டம் படத்தில் வரிவரியாகத் தெரியும்; கரையோர ரயில் பாதைக்கு அருகிலும் அதே கதி. இவற்றையும் விடப் பெரிய எதிரி அறையின் ஏசிதான். படமெடுக்கும் பத்து நிமிடத்துக்கு அதை நிறுத்திவிட்டு, கருவிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று வையுங்கள். மின்னோட்ட நிறமாலையில் 50, 100, 150 ஹேட்ஸில் கூர்முனைகள் நின்றால் அது அதிர்வல்ல, புவித்தொடுப்பு வளையம்: எல்லாச் சாதனங்களையும் ஒரே சொக்கற் பலகையிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

மேற்பரப்பு

தொடங்குபவருக்குச் செம்பின் (111) முகமும் (அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கிய பளிங்கு முகம்) காபனோரொட்சைட்டும் நல்ல சோடி. பொன்னின் (111) முகம் துப்புரவாக்க இலகு, ஆனால் அதன் ஹெரிங்போன் வரிகள் (மேல் அணுக்கள் தாமாக அமைக்கும் வளைந்த மேடுகள்) மூலக்கூறின் பாதையில் குறுக்கிடும். வெள்ளி இரண்டுக்கும் நடுவே.

செம்புப் பளிங்கை 1 கிலோஇலத்திரன்வோல்ற்று ஆகன் அயன்களால் 10 முதல் 15 நிமிடம் அடித்து, 500 செல்சியசில் 10 நிமிடம் சூடாக்குங்கள். பழகிய பளிங்குக்கு மூன்று நான்கு சுற்றுப் போதும். புதிய பளிங்குக்குப் பல நாள் வேலை, ஏனெனில் உள்ளே இருக்கும் கந்தகமும் காபனும் ஒவ்வொரு சூடாக்கலிலும் மேலே வந்துகொண்டே இருக்கும். 600 செல்சியசைத் தாண்டாதீர்கள். வெப்பவிணை பளிங்கில் அல்லாமல் தாங்கியில் பொருத்தப்பட்டிருந்தால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம்.

குளிர்ந்த பின் ஒரு படம் எடுங்கள். 50 நனோமீற்றருக்கு மேல் அகலமான தட்டுகள், 208 பிக்கோமீற்றர் உயரப் படிகள், படியோரமாகவும் மாசுகளைச் சுற்றியும் 1.5 நனோமீற்றர் இடைவெளியில் மேற்பரப்பு இலத்திரன்களின் நிலையலைகள்: இவை தெரிந்தால் மேற்பரப்பும் முனையும் சரி. படி உயரத்தை வைத்து உயரத் திசையை அப்போதே அளவுகோடிடுங்கள். முனையை அசைக்கும் பீசோவின் (வோல்ற்றளவு கொடுத்தால் நீளும் பொருள்) உணர்திறன் 4 கெல்வினில் அறை வெப்பநிலையில் இருப்பதிலும் பார்க்க மிகக் குறைவு. அறை வெப்பநிலை எண்ணை மாற்றாமல் விட்டால் பின்னால் எடுக்கும் எல்லாத் தூரமும் பிழையாகும்.

முனை

நகர்த்தல் சறுக்கும் இடங்களில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி முனைதான். 0.25 மில்லிமீற்றர் தங்குதன் கம்பியை 2 மோலர் சோடியமைதரொட்சைட்டில் அரித்து, கீழ்த் துண்டு விழுந்த கணமே மின்னைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்கத் தாமதித்தால் முனை உருண்டையாகிவிடும். வெற்றிடத்துக்குள் எடுத்தபின் இலத்திரன் கற்றையால் சூடாக்கி ஒட்சைட்டை அகற்றுங்கள். அதற்குப் பிறகும் கடைசிச் சில அணுக்களை அந்த இடத்திலேயே செய்துகொள்ள வேண்டும்: மூலக்கூறு இல்லாத வெறும் செம்பில், பயஸை 100 மில்லிவோல்ற்றில் வைத்து, முனையை 0.5 முதல் 1 நனோமீற்றர் வரை மெதுவாக அமிழ்த்தி வெளியே எடுங்கள். தங்குதன் முனையில் செம்பு பூசப்படும். அமிழ்த்திய இடத்தைப் படமெடுத்தால், முனை விட்டுச்சென்ற குமிழ் வட்டமாகத் தெரிய வேண்டும். நீள்வட்டமாகவோ இரட்டையாகவோ தெரிந்தால் 20 நனோமீற்றர் தள்ளிப்போய்த் திரும்பச் செய்யுங்கள். நகர்த்தப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம். சிதறும் செம்பணுக்கள் பாதையை அடைக்கும்.

மூலக்கூறை இடுவது

காபனோரொட்சைட்டு நச்சு வாயு. சிறிய போத்தல், காற்றோட்டமுள்ள அலுமாரி, உணரி மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். முனையைத் தூக்கி வைத்துவிட்டு, பளிங்கு குளிராக இருக்கும்போதே, 10⁻⁸ மில்லிபார் வரிசையில் சில பத்து வினாடிகள் விட்டுப் பாருங்கள். குளிர்க் கவசத்தின் வாசல் கருவிக்குக் கருவி வேறுபடுவதால் முதல் அளவு எப்போதும் குறைவாகவே இருக்கட்டும். 5 நனோமீற்றர் பக்கமுள்ள சதுரத்துக்கு ஒரு மூலக்கூறு என்பது வசதியான அடர்த்தி. கூடிவிட்டால் பளிங்கைச் சூடேற்றி மூலக்கூறுகளை வெளியேற்றியோ, திரும்பத் துப்புரவாக்கியோ புதிதாகத் தொடங்க வேண்டும்.

உலோக முனையுடன் பார்க்கும்போது காபனோரொட்சைட்டு மேடாகத் தெரியாது, சிறு கருங்குழியாகத் தெரியும். இதை அறியாதவர்கள் மூலக்கூறைக் குறைபாடு என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். அது காபன் கீழே, ஒட்சிசன் மேலே என்று ஒரு செம்பணுவின் நேர் மேல் நிற்கிறது.

போர்பிரின் (வளைய வடிவச் சேதனச் சேர்வை) போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சூளையில் பதங்கமாக்கி விடுகிறார்கள். பெரும்பாலும் 250 முதல் 350 செல்சியஸ். முதல் நாளே அதற்குச் சற்றுக் குறைந்த வெப்பநிலையில் இரவு முழுவதும் வைத்து மாசை விரட்டாவிட்டால் மேற்பரப்பில் கரைப்பான்தான் வந்து விழும்.

இழுப்பதற்கு முன் மின்னணுச் சரிபார்ப்பு

இதைத் தாண்டி ஓடுபவர்கள்தான் முனையை இடிக்கிறார்கள். மின்னோட்டத்தை வோல்ற்றளவாக்கும் பெருக்கி 10⁹ வோல்ற்று/அம்பியர் வீச்சில் இருந்தால், 10 வோல்ற்று எல்லையில், 10 நனோஅம்பியருக்கு மேல் அதற்குத் தெரியாது. செற்பொயின்றை (பின்னூட்டு பிடித்து வைக்க வேண்டிய மின்னோட்டத்தை) 50 நனோஅம்பியர் என்று கொடுத்தால் பின்னூட்டு அந்த எண்ணை ஒருபோதும் காணாது. மின்னோட்டம் இன்னும் போதவில்லை என்று எண்ணி முனையை இறக்கிக்கொண்டே போகும், செம்புக்குள் புதையும் வரை. ஆகவே 10⁸ வீச்சுக்கு மாறுங்கள். பின்னூட்டை நிறுத்தி, முனையை 5 நனோமீற்றராவது தூக்கிய பிறகே ஆளியை மாற்றுங்கள். மாறும் கணத்தில் வரும் துடிப்பு மூலக்கூறையே கிளப்பிவிடும். மென்பொருளிலும் அதே வீச்சைக் கொடுக்க மறந்தால் திரையில் 5 என்று தெரிவது உண்மையில் 50.

பயஸின் பூச்சிய வழுவையும் பாருங்கள். 1 மில்லிவோல்ற்று வழு 100 மில்லிவோல்ற்றில் பொருட்டல்ல, 10 மில்லிவோல்ற்றில் பத்து வீதம். பின்னூட்டுக்கு மின்னோட்டத்தின் மடக்கையைக் கொடுக்கும் வசதி இருந்தால் கட்டாயம் கொடுங்கள். மடக்கை இல்லாவிட்டால் செற்பொயின்றைக் கூட்டும்போது சுற்றின் நயமும் (பெருக்க அளவும்) கூடவே ஏறி, முனை மேலும் கீழும் அலையத் தொடங்கும். அலையும் முனைக்குக் கீழே எந்த மூலக்கூறும் முழுதாக மிஞ்சாது.

கருவியைக் குளிர்த்தும் வெளித் தொட்டியில் திரவ நைதரசன் கொதிக்கும் குமிழ்களின் அதிர்வு சில கருவிகளில் படத்திலேயே தெரியும். அந்தத் தொட்டியைப் பம்பால் இழுத்து நைதரசனைத் திண்மமாக்கினால் நின்றுவிடும்.

இழுப்பு

படத்தை நிறுத்தி, முனையை மூலக்கூறின் மேல் கொண்டுபோய், பீசோவின் ஊர்வு அடங்கும் வரை பொறுங்கள். தூரத்திலிருந்து வந்திருந்தால் சில நிமிடமாகலாம். பின்னூட்டு ஓடட்டும். முதலில் பயஸை 100 இலிருந்து 10 மில்லிவோல்ற்றுக்குக் குறையுங்கள். பிறகே மின்னோட்டத்தைக் கூட்டுங்கள். வரிசை மாறக்கூடாது: 100 மில்லிவோல்ற்றில் 50 நனோஅம்பியரைக் கொடுத்தால், சக்தி கூடிய இலத்திரன்கள் மூலக்கூறுக்குள் பாய்ந்து அது எங்காவது துள்ளும். செம்பின் மேல் காபனோரொட்சைட்டின் சாய்வு அதிர்வு 35 மில்லிஇலத்திரன்வோல்ற்றில் தொடங்குகிறது. 10 மில்லிவோல்ற்று அதற்குக் கீழே நிற்பதால் மூலக்கூறு அமைதியாக இருக்கும்.

முதல் இழுப்பிலேயே 200 கிலோஓமுக்குப் போக வேண்டாம். 2 நனோஅம்பியரில், அதாவது 5 மெகாஓமில், 1 நனோமீற்றர் தூரம் இழுத்துப் பாருங்கள். அசையாவிட்டால் 5, 10, 20 என்று கூட்டிக்கொண்டு வாருங்கள். பெரிய தட்டை மூலக்கூறுகள் பெரும்பாலும் மெகாஓம் அளவிலேயே அசையும். காபனோரொட்சைட்டும் தனி உலோக அணுக்களும் சில நூறு கிலோஓம் கேட்கும். வேகம் வினாடிக்கு 0.2 முதல் 0.5 நனோமீற்றர். திசை, செம்பணுக்கள் நெருக்கமாக அடுக்கிய மூன்று வரிசைகளில் ஒன்றின் வழி. அவை 60 பாகை இடைவெளியில் இருக்கும். வரிசைக்குக் குறுக்கே இழுத்தால் மூலக்கூறு வலமும் இடமுமாகத் தாவி எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாமல் போகும். போக வேண்டிய இடம் குறுக்கே இருந்தால் இரண்டு இழுப்பாகப் பிரியுங்கள்.

சேர்ந்ததும் மின்னோட்டத்தை முதலில் இறக்கி, பிறகு பயஸை ஏற்றுங்கள். வந்த வழியே திரும்பிப் போவதுதான்.

கோட்டை வாசித்தல்

இழுக்கும்போது முனையின் உயரத்தைத் தூரத்துக்கு எதிராகப் பதியுங்கள். படம் எடுத்துத்தான் மூலக்கூறு நகர்ந்ததா என்று அறிய வேண்டும் என்பதில்லை; இந்தக் கோடு உடனேயே சொல்லிவிடும், படத்தை விட அதிகமாகவும் சொல்லும். இதை வாசிக்கப் பழகாதவர் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு படம் எடுத்து இரவைக் கழிப்பார்.

மேடாகத் தெரியும் அணுவோ மூலக்கூறோ என்றால் வாசிப்பு இப்படி. கோடு மெல்லச் சரிந்து, சட்டென மேலே துள்ளி, மீண்டும் சரிந்தால் அது இழுவை: முனை முன்னால் போகிறது, மூலக்கூறு பின்னால் தாவி வந்து அதற்குக் கீழே நிற்கிறது. மெல்ல ஏறி, சட்டெனக் கீழே விழுந்தால் தள்ளல்: முனை மூலக்கூறின் முதுகில் ஏற, அது முன்னால் தப்பி ஓடுகிறது. துள்ளல் இல்லாமல் அணு அணியின் ஏற்றத்தாழ்வு மட்டும் ஒழுங்காகத் தெரிந்தால் மூலக்கூறு முனையுடன் ஒட்டியபடி வழுக்கி வருகிறது. இழுவையை விரும்புங்கள். தள்ளப்பட்ட மூலக்கூறு பக்கவாட்டில் நழுவினால் அந்தக் கணத்தில் கோடு அதை வேறுபடுத்திக் காட்டாது.

அடுத்துக் கோட்டில் வரும் துள்ளல்களின், அதாவது பற்களின், இடைவெளியை அளவிடுங்கள். செம்பில் 255 பிக்கோமீற்றர் வந்தால் மூலக்கூறு ஓர் அணுவின் தலையிலிருந்து அடுத்த அணுவின் தலைக்குத் தாவுகிறது. 510 வந்தால் இரண்டிரண்டாகத் தாவுகிறது. பிடி தளர்வு, தடையைச் சற்றுக் குறையுங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள். பற்கள் வந்துகொண்டிருந்து திடீரெனக் கோடு தட்டையானால் மூலக்கூறு கைவிட்டுப் போய்விட்டது. கடைசிப் பல் விழுந்த ஆள்கூற்றில் தேடுங்கள், அங்கேதான் நிற்கும். தொடக்கத்திலிருந்தே தட்டை என்றால் பிடிக்கவே இல்லை. இடைவெளி 255 உம் இல்லாமல் அதன் மடங்கும் இல்லாமல் ஒழுங்காக வந்தால், பக்கவாட்டு அளவுகோடிடல்தான் பிழை.

பிழை நேரும்போது

படம் திடீரெனக் கூர்மையாகி, கருங்குழிகளின் நடுவே ஒளிப்புள்ளிகள் தோன்றினால் காபனோரொட்சைட்டு ஒன்று முனையில் ஏறியிருக்கிறது. படமெடுக்க அருமையான முனை, இழுக்க உதவாது. வெறும் செம்பில் மெல்ல அமிழ்த்திக் கழற்றுங்கள். வேண்டுமென்றே ஏற்றுவதற்கு மூலக்கூறின் மேல் நின்று 2.5 முதல் 3 வோல்ற்று வரை கூட்டுவார்கள். அதனால் மூலக்கூறுகள் உள்ள பகுதியில் மற்ற வேலைகளுக்கு 2 வோல்ற்றுக்கு மேல் போகாதீர்கள்.

ஒரே மூலக்கூறு எந்தத் தடையிலும் அசையாவிட்டால் படியோரமோ கீழே புதைந்த மாசோ அதைப் பிடித்திருக்கும். 50 கிலோஓம் வரை இறங்கிப் போராடுவதை விட வேறொன்றை எடுங்கள். அந்த ஆழத்தில் முதலில் உருமாறுவது முனை.

பெரிய மூலக்கூறுகளும் இலத்திரன் உந்தலும்

பெரிய மூலக்கூறுகளில் எங்கே பிடிக்கிறோம் என்பதே கேள்வி. நடுவில் பிடித்தால் நேராக வரும் சாத்தியம் கூட. ஓரத்தில் பிடித்தால் சுழலும். திசை திருப்ப வேண்டும் என்றால் ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். சில பெரிய மூலக்கூறுகளுக்குக் குளிரும் தேவையில்லை: செம்பின் (100) முகத்தில் போர்பிரின் ஒன்றை அறை வெப்பநிலையிலேயே இடம் மாற்றி நிறுத்தியதை யுங், கிம்செவ்ஸ்கி ஆகிய ஆய்வாளர்களின் குழு 1996இல் காட்டியது. கால்கள் மேற்பரப்பைப் பிடித்திருந்ததால் அது தானாக அலையவில்லை.

தொடாமல் ஓட்டும் வழியும் உண்டு. 2017இல் பிரான்சின் துலூசில் நடந்த, மூலக்கூறுகளையே வண்டிகளாக ஓட்டும் நனோகார் ஓட்டப்போட்டியில் முனையால் தள்ளுவதற்குத் தடை. டனலிங் இலத்திரன்களின் சக்தியாலேயே வண்டி மூலக்கூறுகளை நகர்த்த வேண்டியிருந்தது. முனையை மூலக்கூறின் ஓரத்தில், பல பிக்கோஅம்பியரில் நிறுத்தி, பயஸை 1 வோல்ற்றிலிருந்து மெல்ல உயர்த்துங்கள். மின்னோட்டமோ உயரமோ சட்டென மாறினால் மூலக்கூறு தாவிவிட்டது. பயஸை உடனே இறக்கிப் படமெடுங்கள். இங்கே ஒவ்வொரு தாவலும் நிகழ்தகவு சார்ந்தது, திசைக்கு உத்தரவாதம் குறைவு. அலசன் (குளோரீன், புரோமீன், அயடீன் போன்றவை) தாங்கிய மூலக்கூறுகளில் கூடுதல் கவனம் வேண்டும்: சோ-வாய் ஹ்லாவும் கூட்டாளிகளும் 2000இல் அயடோபென்சீனின் காபன்-அயடீன் பிணைப்பை 1.5 வோல்ற்று இலத்திரன்களால் வேண்டுமென்றே முறித்தார்கள். உங்களுக்கு அது வேண்டாமலேயே நடக்கும்.

தொலைவிலிருந்து இயக்கும்போது

கொழும்பிலிருந்து மத்திய ஐரோப்பாவிலுள்ள கருவியை இணையம் வழியாக இயக்க நேரம் கிடைத்தால், அங்கே கட்டடம் வெறுமையாகும் மாலை ஆறு மணி இங்கே கோடையில் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. அதிர்வு குறைந்த நல்ல நேரம் அதுதான். இழுப்பை ஒருபோதும் மவுசால் செய்யாதீர்கள். இணைப்பு அரை வினாடி தடுமாறினாலும் முனை 200 கிலோஓமில் காத்து நிற்கும். தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, வேகம், தடை, கடைசியில் படமெடுக்கும் நிலைக்குத் திரும்புதல் ஆகிய அனைத்தையும் ஒரே கட்டளைக் கோப்பாக எழுதி, அங்குள்ள கணினியிலேயே ஓட விடுங்கள். கோட்டின் தரவு மட்டும் இங்கே வந்தால் போதும்.

அறையை விட்டுப் போகும்போதும், ஈலியம் நிரப்பும் முன்பும், முனையைப் பல நூறு நனோமீற்றர் பின்னே இழுத்துவிடுங்கள். பின்னூட்டு ஓடிக்கொண்டிருக்கையில் பயஸைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். மின்னோட்டம் அற்றுப்போனதும் பின்னூட்டு முனையை நேரே செம்புக்குள் இறக்கும். பயஸின் குறியை நேரிலிருந்து மறைக்கு மாற்றும்போதும் இதே ஆபத்து உண்டு: பின்னூட்டை நிறுத்தி, மாற்றி, பிறகு ஓட விடுங்கள்.